பழைய வீட்டைப் புதுப்பிக்கச் செலவுக் கணக்குப் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் என் அப்பா 1987இல் கட்டிய வீடு 900 சதுர அடி. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, பின்கட்டில் ஒரு குளியலறை. 2022இல் அதைப் புதுப்பிக்க எட்டு லட்சம் ஆகும் என்று எண்ணி இறங்கினேன். 10,85,000 ரூபாயில் கரையேறினேன். அதன்பின் தஞ்சாவூரில் அக்கா வீட்டு வேலையையும், சென்னையில் மாமனாரின் ஃபிளாட் வேலையையும் நோட்டும் டேப்புமாகக் கூடவே நின்று பார்த்தேன். ஒன்று சொன்ன தொகைக்குள் முடிந்தது, மற்றொன்று இருபதாயிரம் கூடியது. நான் பொறியாளன் அல்லன். வீட்டு வேலை எடுக்கப்போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, பட்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாதா?

புது வீட்டுக்குச் சொல்லலாம். காலி மனையில் எல்லாமே புதிதாக வருவதால் சராசரி ஓரளவு பொருந்தும். பழைய வீட்டில் அது பொருந்தாது. ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றின் மேல்தளம் கல்லாக இறுகியிருக்கும். மற்றொன்றில் சுத்தியலால் தட்டினாலே காரை கொட்டும். வீட்டுக்குள் காலடி வைக்காமலே சதுர அடிக் கணக்கில் தொகை சொல்பவரிடம் கவனமாக இருங்கள். அந்தத் தொகை வேலையைப் பிடிப்பதற்காகச் சொன்னது.

உங்கள் கணக்கில் கூடுதலாக 2,85,000 எங்கிருந்து வந்தது? விலைவாசியா?

நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, விலையேற்றத்தால் போனது ஒன்றும் பெரிதில்லை.

சமையலறை மேல்தளத்தின் அடியில் பெயின்ட் உப்பியிருந்தது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைத்தோம். சுரண்டியபோது கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது; உள்ளே கம்பி துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. குளியலறையிலும் அதே கதை. துருவைச் சுத்தம் செய்து, பூச்சுக் கொடுத்து, மறுபடி கலவை ஏற்ற 62,000. அடுத்தது குழாய். பழைய ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, வெட்டிய பிளம்பர் ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறை வரை மாற்ற 48,000. சுவிட்ச் போர்டுகளை மட்டும் மாற்றுவதாக இருந்தோம். திறந்து பார்த்தால் பல இடங்களில் எர்த் ஒயரே இல்லை. மரச் சட்டத்தின்மேல் ஓடிய பழைய ஒயரிங் முழுவதையும் எடுத்தோம், 55,000. கதவுகளை அறுத்ததும் குளியலறைக் கதவை மாற்றியதும் சேர்த்து 27,000. இடிபாட்டை அள்ளியதற்கு 18,000. டைல்ஸ் கணக்குத் தவறி மறுபடி வாங்கியது 15,000.

ஆக 2,25,000 ரூபாய். இவற்றில் ஒன்றுகூட நான் முதலில் எழுதிய பட்டியலில் இல்லை. மீதி 60,000 நாங்களே ஆசைப்பட்டுச் சேர்த்தது: கிரானைட்டில் ஒரு தரம் உயர்ந்தது, ஹாலில் ஃபால்ஸ் சீலிங். அதற்கு மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது.

மேஸ்திரியை அழைப்பதற்கு முன் நானே என்னவெல்லாம் பார்த்துவைக்கலாம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். டார்ச், சின்னச் சுத்தியல், டேப், சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி வைத்துத் தளத்தின் அடிப்பகுதியைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய இடம் கணீரென்று கேட்கும். காரை விட்ட இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சுவரிலும் தரையிலும் இதேபோல. வட்டங்களின் பரப்பைக் கூட்டினால் எவ்வளவு பூச்சு பெயர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பிறகு தண்ணீர். வீட்டின் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, கடைசிக் குழாயில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ உப்புப் பொரிவோ இருந்தால் குழாயோ தரையோ கசிகிறது. மின்சாரத்துக்கு மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் கூலி கொடுத்து இரண்டு போர்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த அரைநாள் கூலி கொடுக்க மனம் வரவில்லை. அதன் விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

சந்தேகமான இடங்களில் ஒரு சாண் அகலத்துக்கு உடைத்தே பார்த்துவிடுங்கள். எப்படியும் உடைக்கப்போகும் வீடுதான்.

அளவை எப்படி எடுப்பது? எனக்கு அதெல்லாம் வராதே?

பத்தாம் வகுப்புக் கணக்குப் போதும். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, பத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 கழித்தால் 403. மேல்தளம் 120. பெயின்ட் அடிக்கும் பரப்பு 523 சதுர அடி.

கதவு ஜன்னலைக் கழிப்பதா இல்லையா என்பதில்தான் சண்டை வரும். கட்டட வேலை அளவைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது. பூச்சு வேலையில் அரைச் சதுர மீட்டர் வரையான திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் ஒரே பூச்சானால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்கலாம். சாதாரணக் கதவு இரண்டாவது வகையில் வரும். இந்த விதியைத்தான் கடைப்பிடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. எந்த விதி என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஊர் வழக்கில் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. கொத்தனாரிடம் அவருடைய கணக்கிலேயே பேசினால் பாதி மயக்கம் தீரும்.

பூச்சு வேலைக்குச் சிமெண்ட் எவ்வளவு போகும்?

அரை அங்குலக் கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவையில், 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டை வரை. இது ஒழுங்கான சுவருக்கான கணக்கு. பழைய பூச்சைப் பெயர்த்த பிறகு செங்கல் மேடும் பள்ளமுமாக இருக்கும். மட்டம் கொண்டுவர முக்கால் அங்குலம்கூட ஏற்ற நேரும். அப்போது சிமெண்டும் மணலும் ஒன்றரை மடங்காகும். இதை ஏமாற்று வேலை என்று நினைத்து நான் கொத்தனாரிடம் முகம் திருப்பிக்கொண்டது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்குவது?

இங்கேதான் என் பதினைந்தாயிரம் போனது. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்று கடையில் சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு டைல்ஸ் உள்ள ஒரு பெட்டி 15.5 சதுர அடிதான் வரும், 16 அன்று. மேலே சொன்ன அறைக்கு 120ஐ 16ஆல் வகுத்து எட்டுப் பெட்டி என்று எழுதினேன். சுவரோரம் நான்கு அங்குலத்துக்கு ஏற்றும் ஸ்கர்ட்டிங்கை மறந்தேன். அதுவே கிட்டத்தட்ட 14 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு எட்டு சதவீதம் சேர்த்தால் 144. 15.5ஆல் வகுத்தால் ஒன்பதைத் தாண்டுகிறது, ஆக பத்துப் பெட்டி. எட்டு எங்கே, பத்து எங்கே.

குறைந்ததை மறுபடி வாங்கப்போனபோது அதே பெயர், அதே எண், ஆனால் நிறம் இம்மி மாறியிருந்தது. பெட்டியின்மேல் பேட்ச் எண் அச்சிட்டிருப்பார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச்தானா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு பெட்டி மிஞ்சினால் பரணில் போட்டுவையுங்கள். பின்னாளில் குழாய்க்காக ஒரு டைல்ஸை உடைக்க வேண்டிவந்தால் அது தங்கம்.

பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் செலவு மிச்சம் இல்லையா?

உடைக்கும் கூலியும் இடிபாடு அள்ளும் செலவும் மிச்சம். பழைய மொசைக்கோ ரெட் ஆக்சைடோ தட்டிப் பார்த்து எங்கும் பொத்தென்று கேட்காமல் இருந்தால் செய்யலாம். ஆனால் தரை உயரும். பசை வைத்து ஒட்டினால் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். சிமெண்ட் கலவை போட்டுப் பதித்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம்.

உயர்ந்த தரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. டைல்ஸ் பதித்த மறுநாள் காலை படுக்கையறைக் கதவைத் திறக்கப் போனேன். கால் பாகம் திறந்து நின்றுவிட்டது. ஆறு கதவுகள், சுவர் அலமாரியின் கீழ்க்கதவுகள் எல்லாவற்றையும் கழற்றி அடியில் அறுத்து, மறுபடி இழைத்து மாட்ட ஆசாரிக்கு நான்கு நாள். கழற்றிய குளியலறைக் கதவு அடியில் உளுத்திருந்ததால் அதற்குப் பதில் புதிது. வாசல்படியின் கடைசிப் படிமட்டும் உயரமாகிவிட்டதால் அப்பா இரண்டு முறை தடுக்கினார், படிகளையும் திருத்தினோம். மேலே ஒட்டுவதா, உடைப்பதா என்று முடிவெடுக்கும் முன் கதவுகளையும் படிகளையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இடிபாட்டை அள்ளுவதற்கு இவ்வளவு செலவா?

ஆகும். இறுகியிருந்த சுவரை உடைத்தால் அதன் குவியல் சுமார் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். பத்துக்குப் பத்தடியில் ஒன்பது அங்குலச் சுவர் 75 கன அடி. உடைத்தபின் 110 கன அடிக்கு மேல். அது ஒரு யூனிட்டைத் தாண்டிவிட்டது. ஓர் அறையின் பூச்சையும் தரையையும் பெயர்த்தாலே முக்கால் யூனிட் சேரும். மாடி வீடு என்றால் இறக்கும் கூலி தனி. அள்ளுவது யார் பொறுப்பு, எத்தனை லோடு, எங்கே கொட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். தெருவோரம் குவித்துவைத்தால் மாநகராட்சி அபராதம் போடும். அதற்கு முன்பே எதிர்வீட்டார் முகம் வாடிவிடும்.

எஸ்டிமேட்டை எப்படி எழுதி வாங்க வேண்டும்?

மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். அளவைக் கேளுங்கள். "வீடு முழுக்கப் பூச்சு, பெயின்ட், டைல்ஸ், ஏழு லட்சம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: என்ன வேலை, எவ்வளவு அளவு, ஓர் அளவுக்கு என்ன விலை, பொருள் யாருடையது. "ஹால் சுவர் பூச்சு பெயர்த்து மறுபூச்சு, 180 சதுர அடி, சதுர அடிக்கு இவ்வளவு, சிமெண்டும் மணலும் வீட்டுக்காரர்" என்று ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை நீங்களே தயாரித்து, விலைப் பத்தியை மட்டும் காலியாக விட்டு, மூன்று பேரிடம் கொடுங்கள். அப்போதுதான் மூவரையும் ஒப்பிட முடியும். அக்கா வீட்டில் அப்படிச் செய்தோம். மிகக் குறைந்த தொகை சொன்னவர் மொட்டைமாடியில் தட்டு ஓடு பதிக்கும் வரியையே காலியாக விட்டிருந்தார். கேட்டபோது "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்தப் பிறகுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

விலை நியாயமா என்று பார்க்கத் தமிழ்நாடு பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைவிகிதப் பட்டியல் ஓர் அளவுகோல். வெளிச்சந்தை விலை அதிலிருந்து விலகும். ஆனாலும் ஒரு வேலைக்குள் என்னென்ன அடக்கம் என்பதை அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நாள் கூலி, லேபர் கான்ட்ராக்ட், மொத்த கான்ட்ராக்ட், எது நல்லது?

உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற வேலைக்கு நாள் கூலி. அளந்து சொல்லக்கூடிய பூச்சு, டைல்ஸ், பெயின்ட் ஆகியவற்றுக்கு லேபர் கான்ட்ராக்ட். பொருளை நாம் வாங்கித் தர வேண்டும். பொருளையும் அவரே வாங்கிப் போடும் மொத்த கான்ட்ராக்ட், வேறு ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு. அதில் ஒயர், குழாய், சிமெண்ட், பெயின்ட் எந்த நிறுவனம், எந்தத் தரம் என்று பெயரிட்டு எழுதாவிட்டால் மலிவானதுதான் வந்து இறங்கும். நாள் கூலிக்கு விடுவதானால் வீட்டில் ஒருவர் காலை எட்டு மணிக்கே இருக்க வேண்டும். இரண்டு டீக்கு நடுவே என்ன நடந்தது என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

"ஜிஎஸ்டி தனி" என்கிறார்களே?

தனியா, சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டைல்ஸ், பெயின்ட், கம்பி 18 சதவீதம். பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் பொருளோடு சேர்த்து வேலை எடுத்தாலும் 18 சதவீதம் போடுவார். எட்டு லட்சத்துக்கு அது 1,44,000. கடைசி நாளில் இந்தத் தொகையைக் கேட்டு மயங்கி விழாமல் இருக்கத்தான் இந்தக் கேள்வி.

கையில் பணம் கொஞ்சம்தான். எதை முதலில் செய்வது?

மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே. முதலில் மொட்டைமாடி ஒழுக்கு. அடுத்து தளத்தின் கம்பி, காரை. பிறகு சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் ஒயரும். அதன்பின் பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். இந்த வரிசையில் எந்த இடத்தில் பணம் தீர்ந்தாலும் அங்கே நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு தொடரலாம். செய்த எதையும் உடைக்க வேண்டியிருக்காது. தலைகீழாகப் போனவர்கள் புது டைல்ஸை வெட்டிக் குழாய் பதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெயின்ட் அடிக்காத வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒழுங்கான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவை இருக்க வேண்டும். இப்போது ஏசி வாங்காவிட்டாலும் அதற்கான பைப்பையும் ஒயரையும் போட்டுவிடுங்கள்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

என் கணிப்பு: 15, 20 ஆண்டு வீடானால் எஸ்டிமேட்டில் 15 சதவீதம், 30 ஆண்டைத் தாண்டிய வீடானால் 25 சதவீதம். எனக்கு உண்மையில் 35 சதவீதத்துக்கு மேல் கூடியது, ஆனால் அது நான் தட்டிப் பார்க்காமல் இறங்கியதன் கூலி. இந்தப் பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் ஆசைக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. ஆசைக்கு என்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் ஆசை வந்தே தீரும்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் என்ன?

எண்பதுகளில் கட்டிய நம்மூர் வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. ஒன்பது அங்குலச் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. அதை எடுத்தால் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, பீமின் எடையை இறக்க இரு முனையிலும் வழி செய்ய வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் தொடவே கூடாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் பெரும்பாலும் எடுக்கலாம். அதையும் கேட்டுவிட்டே எடுங்கள்.

வாஸ்துப்படி சமையலறையை மாற்றச் சொல்கிறார்கள். செலவு?

நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆனால் செலவில் முதலிடம் இதற்குத்தான். சமையலறையையோ கழிப்பறையையோ இடம் மாற்றினால் தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், சரிவு, தரை, ஒயரிங் எல்லாம் கூடவே நகரும். அடுப்பை மட்டும் மேடைமேல் திசை மாற்றிவைத்தால் போதுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். போதும் என்றே பல வாஸ்து நிபுணர்கள் சொல்வார்கள்.

மாடுலர் கிச்சனுக்கு ஆளுக்கொரு விலை சொல்கிறார்களே?

ஒருவர் மேடையின் நீளத்தை அடிக் கணக்கில் சொல்வார், இன்னொருவர் கதவு முகப்பைச் சதுர அடியில் சொல்வார். இரண்டையும் ஒப்பிட முடியாது. டிராயர், கீல், கம்பிக் கூடை, சிங்க், சிம்னி இவற்றில் எது விலைக்குள் அடக்கம் என்று கேளுங்கள். பலகை தண்ணீர் தாங்கும் பிளைவுட்டா, அழுத்திய தூள் பலகையா என்பதையும் கேளுங்கள். சிங்க்குக்குக் கீழே தூள் பலகை வைத்தால் அது ஊதிப் பெருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

பெயின்ட் எத்தனை லிட்டர்?

சரியாகத் தயார்செய்த உள்சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் சுமார் 60, 65 சதுர அடிக்கு வரும். மேலே சொன்ன அறைக்கு எட்டு, ஒன்பது லிட்டர். புதுப் பூச்சின்மேல் ஒரு மாதமாவது காயவிட்டு அடியுங்கள். கிரகப்பிரவேசம் மாதிரி ஒரு தேதி குறித்துக்கொண்டு ஈரச் சுவரில் அடித்தால் அடுத்த ஆண்டே உரிந்து வரும்.

கடன் வாங்கலாமா? வரிச்சலுகை உண்டா?

வங்கிகள் வீட்டைப் புதுப்பிக்கத் தனியாகக் கடன் தருகின்றன. பத்திரம், பொறியாளர் எஸ்டிமேட் கேட்பார்கள். வேலையின் நிலையைப் பார்த்துத் தவணை தவணையாகவும் விடுவிப்பார்கள். ஆகவே தொடக்கத்துக்குக் கைப்பணம் வேண்டும். தனிநபர் கடனுக்கு வட்டி பொதுவாக அதிகம். நகைக்கடன் அன்றே கிடைக்கும். ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போகும்போது மீட்கும் தேதி முன்னால் வந்து நிற்கும். சீட்டுப் போட்டிருப்பவர்கள் எடுக்கும் மாதத்தை வேலையின் பின்பாதிக்கு வையுங்கள், பணம் அப்போதுதான் இறுகும்.

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு, பழைய வருமான வரிமுறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. வீட்டுக்கடன் வட்டிக்கான இரண்டு லட்சம் வரம்புக்குள் இதுவும் அடக்கம். புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது.

அனுமதி வாங்க வேண்டுமா?

பூச்சு, பெயின்ட், டைல்ஸ் மாற்றுவதற்கு வேண்டாம். ஓர் அறை கூட்டுவது, மாடி எடுப்பது என்றால் வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பொருந்தும். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்திருக்கிறது. நீங்கள் கூட்டும் பகுதிக்கு எந்த முறை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக் கட்டணத்தையும், பிறகு ஏறும் சொத்துவரியையும் கணக்கில் எழுதுங்கள். ஃபிளாட்டாக இருந்தால் சங்கத்தின் அனுமதி, வைப்புத்தொகை, வேலை நேரம், லிஃப்டில் மணல் ஏற்றலாமா என்பதெல்லாம் உண்டு. மாமனார் ஃபிளாட்டில் கூடிய இருபதாயிரம் பெரும்பாலும் மாடிப்படி வழியே மூட்டை சுமந்த கூலிதான்.

எந்த மாதம் தொடங்குவது?

தை முடிந்து தொடங்கினால் மொட்டைமாடி வேலை வெயிலில் முடியும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வெளிப்பூச்சும் காயும். ஆடியில் பலர் புது வேலை தொடங்குவதில்லை என்பதால் அப்போது நல்ல கொத்தனார்கள் ஓய்வாகக் கிடைப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க ஆடி என்ன, ஆவணி என்ன என்பது என் கட்சி. என் அம்மா அந்தக் கட்சியில் இல்லை. வட மாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவார்கள். அந்த வாரங்களை நாட்காட்டியில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை பார்க்கலாமா?

ஓர் அறை, ஒரு குளியலறை என்றால் முடியும். தரையும் ஒயரிங்கும் சேர்ந்தால் முடியாது. வாடகை வீடு, சாமான் ஏற்றி இறக்குவது, இரண்டு இடத்து மின்கட்டணம், தண்ணீர் லாரி இவை எஸ்டிமேட்டில் வராத செலவுகள், ஆனால் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகின்றன. இரண்டு மாதம் என்று சொன்னால் மூன்று மாத வாடகையை எழுதுங்கள்.

பழைய கதவு, ஜன்னல்களை என்ன செய்வது?

தேக்கு நிலையும் கதவும் நன்றாக இருந்தால் இழைத்து மெருகேற்றி அங்கேயே வையுங்கள். அதற்கு இணையான மரம் இன்று வாங்கினால் விலை தலை சுற்றும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பழைய மரச் சாமான் வாங்குபவரை அழைத்து விலை கேளுங்கள். கழற்றிய பொருள் யாருக்குச் சொந்தம் என்று பேசாவிட்டால் அது கழற்றியவரோடு போய்விடும்.

இதற்கு இடித்துவிட்டே கட்டலாமோ?

அடித்தளம் இறங்கி, சுவரில் படிப்படியாகக் கோணல் விரிசல் ஓடினால், அல்லது வீட்டுத் தளத்தில் பாதிக்குமேல் கம்பி துருப்பிடித்திருந்தால் யோசிக்கலாம். புதுப்பிக்கும் செலவு, அதே அளவு புது வீட்டின் செலவில் பாதியைத் தாண்டினால் நான் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குவேன். அந்தப் பொறியாளர் வேலையை எடுக்கப்போகிறவராக இருக்கக் கூடாது.

மேஸ்திரிக்குப் பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

என் வீட்டில் அவர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். வேலை பாதி முடிந்தபோது பணம் முக்கால் பாகம் போயிருந்தது. மேஸ்திரி வேறொரு வேலைக்குப் போய் 19 நாள் வரவில்லை. போன் எடுத்தால் "நாளைக்கு வருகிறேன்" என்பார். தப்பு அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அக்கா வீட்டில் பத்து சதவீதம் அட்வான்ஸ். பிறகு உடைத்து முடித்ததும் ஒரு தவணை, குழாயும் ஒயரும் பதித்துச் சோதித்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, தரை முடிந்ததும் ஒன்று. சோதனை என்றால் குளியலறைத் தரையில் டைல்ஸுக்கு முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் வருகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு தவணைக்கும் நோட்டில் தேதி, தொகை, கையெழுத்து. கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். கடைசி ஐந்து சதவீதம், முதல் பெருமழை பெய்து முடிந்த பிறகு.

இந்தக் கடைசி நிபந்தனைக்கு மேஸ்திரி முகம் கோணினார், பிறகு ஒப்புக்கொண்டார். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. சமையலறை ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே, உள்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு ஈரக்கோடு இறங்கியது. அக்கா போன் செய்தார். மறுநாள் மழை விட்டதும் கால் மூட்டைச் சிமெண்டையும் ஒரு பாட்டில் நீர்க்காப்பு திரவத்தையும் எடுத்துக்கொண்டு மேஸ்திரி வந்தார். சன்ஷேடும் சுவரும் சேரும் மூலையைக் கொத்தி அடைத்தார். அடுத்த மழைக்குச் சுவர் காய்ந்தே இருந்தது. மீதித் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.